வாசற்படியில் உருளைக்கிழங்கு

பரிமளத்துக்கு வெட்கமே கிடையாதா என்று சிநேகிதி யோகராணி அடிக்கடி கேட்பாள். கிடையாதென்று யார் சொன்னது? கிழங்கு பொறுக்குவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்பதுதான் பரிமளத்துக்கு விளங்கவில்லை.

அகதியாய் வந்து சேர்ந்த மார்க்கம் என்ற ஊரில், கிளடிஸ் என்ற வெள்ளைக்காரக் கிழவியின் தோட்டத்தில் அவள் அந்த வருடம் கூலிக்குக் கிழங்கு அள்ளியவள். மெஷின் கிண்டிக்கொண்டு போன பிறகு மண்ணில் கிடந்து அழுகும் உருளைக்கிழங்கைப் பார்த்து வயிறெரிந்தவள். மட்டக்களப்பில் அவளுடைய ஊரில், வெட்டி முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்க ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. பொறுக்கியதில் நல்லதாய் ஒரு பிடி எடுத்துக் காணிக்காரப் போடியார் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனால் போதும்.

அதையேதான் இங்கேயும் செய்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் யோகராணியின் ஓட்டைக் காரில் வந்து ஒரு சாக்குப் பொறுக்குவாள். அதில் திறமான கிழங்குகளைத் தெரிந்து, மண் போகத் துடைத்து, கிளடிஸின் வாசற்படியில் வைப்பாள். கிளடிஸ் அந்நேரம் சேர்ச்சில் இருப்பாள்.

"அக்கா, உது களவு," என்பாள் யோகராணி. "பொலிஸ் பிடிச்சால் உங்கட கேஸ் என்னாகும்? பிள்ளையை யோசிச்சுப் பாருங்கோ."

"களவில்ல கா. களவெண்டா வாசல்ல வைப்பாங்களா?"

வாய் அப்படிச் சொன்னாலும் உள்ளுக்குள் பயம்தான். அவளுடைய அகதி விசாரணை வரப்போகிறது. அது சரிவந்தால்தான் ஊரில் தங்கச்சியிடம் விட்டுவந்த மகளைக் கூப்பிடலாம்.

அந்த ஞாயிறு கிளடிஸ் சேர்ச்சுக்குப் போகவில்லை. வயலுக்குக் குறுக்கே ட்ரக் குலுங்கிக் குலுங்கி வந்தது.

"அக்கா, ஓடி வாங்கோ!" என்று கத்திய யோகராணி காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டாள்.

பரிமளம் ஓடவில்லை. ஓடினால் இவ்வளவு நாளும் செய்தது களவாகிவிடும் என்று தோன்றியது. பயம் இல்லாமலில்லை. மகளின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. யோகராணி வாய்க்குள் திட்டிக்கொண்டே காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள்.

கிளடிஸ் இறங்கியதும் கையை ஆட்டிக் கத்தினாள்.

"பொலிஸுக்குப் போன் அடிக்கப்போறாவாம்," என்றாள் யோகராணி, அழாக்குறையாக.

பரிமளத்துக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். துடைத்து வைத்திருந்த கிழங்குகளை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாள்.

கிளடிஸின் சத்தம் பாதியில் நின்றது. கிழங்கைப் பார்த்தாள், பரிமளத்தைப் பார்த்தாள், பிறகு ஏதோ கேட்டாள்.

"படியில வைக்கிறது நீங்களோ எண்டு கேக்கிறா," என்றாள் யோகராணி. " முதல்ல நாய் தூக்கிக்கொண்டு வருது எண்டு நினைச்சவவாம். நாய் துடைச்சு வைக்காதெண்டு பிறகுதான் விளங்கினதாம்."

பரிமளம் ஊர் வழக்கத்தைச் சொன்னாள். யோகராணி அதை இங்கிலீசில் தட்டுத்தடுமாறி ஒப்பேற்றினாள். கிழவி கேட்டுவிட்டு ட்ரக் படியில் உட்கார்ந்தாள். பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினாள். யோகராணி அதைத் தமிழில் சொன்னாள்.

"அவவின்ர தாத்தா இங்கிலாந்தில இளந்தாரியா இருக்கேக்க, வீட்டில பசியெண்டு பண்ணைக்காரன்ர வயலில ரெண்டு கிழங்கு பிடுங்கினவராம். பிடிச்சு மறியல்ல, கம்பிக்குப் பின்னால போட்டிட்டாங்களாம். வெளியால வந்தும் ஒருத்தரும் வேலை குடுக்கேல்லையாம். அதாலதான் கப்பலேறி இஞ்ச வந்தவராம். இந்தக் காணி அவர் வெட்டித் திருத்தினதாம்."

"ரெண்டு கிழங்குக்கு மறியலா! எங்கட போடியார் எவ்வளவு நல்ல மனுசன்," என்றாள் பரிமளம். இதை மட்டும் யோகராணி மொழிபெயர்க்கவில்லை.

கிளடிஸ் எழுந்து சாக்கைத் தூக்கிக் காருக்குள் வைத்தாள், கிழவிக்கு அவ்வளவு பலம். நீட்டிய கிழங்குகளைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். ஊரில் இருக்கும் மகளைப் பற்றி யோகராணி சொன்னதும், கையைத் தன் இடுப்பளவில் பிடித்து, இவ்வளவு உயரமா என்றாள். பரிமளம் அந்தக் கையைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டாள்.

"அடுத்த வருஷம் அவளையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். சின்னப் பிள்ளையளுக்கு அவ்வளவு குனியத் தேவையில்லையாம், கெதியாப் பொறுக்குவினமாம்."

மகளைக் கூப்பிடுவதைப் பற்றி இந்த நாட்டில் எல்லோரும் அவளிடம் பார்ப்போம், பார்ப்போம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். இந்தக் கிழவியோ பிள்ளைக்கு அதற்குள் வேலையே ஒதுக்கிவிட்டாள். பொலிஸ் என்றபோது வராத அழுகை பரிமளத்துக்கு அப்போது வந்தது.

"ஓம் எண்டு சொல்லு புள்ள," என்றாள் யோகராணியிடம். "கட்டாயம் கூட்டிக்கொண்டு வருவன் எண்டு சொல்லு."