வெந்நீர்க் குழாய் இல்லாத எஞ்சின்

புது எஞ்சின் முதன்முதலாக உயிர்பெற்ற செவ்வாய்க்கிழமை காலை, மெக்கானிக்கின் மாமியாருக்கு நூற்று மூன்று டிகிரி இருந்த காய்ச்சல் நான்கு நிமிடங்களில் இறங்கியது. மூன்றரை நிமிடம்தான் என்று அவர் மகள், அதாவது மெக்கானிக்கின் மனைவி, சொல்வதுண்டு. ஆனால் அவள் கடிகாரத்தைப் பார்த்ததே பாதியில்தான் என்பதால் நான்கு என்று கொள்வதே சரி. எஞ்சின் பொருத்திய வேன் நின்ற கொட்டகைக்கும் மாமியாரின் கட்டிலுக்கும் நடுவே ஒரு சுவர் மட்டும் இருந்தது. எஞ்சின் சீராக ஓடத் தொடங்கியதும் அந்த அம்மாள் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றார். பிறகு மருமகனைத் திட்ட ஆரம்பித்தார். காய்ச்சல் விட்டதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வீட்டில் யாருக்கும் தேவைப்படவில்லை.

மெக்கானிக்கைத் தெருவில் அரை டிகிரி என்பார்கள். எந்த வண்டியைத் தொட்டாலும் "இன்னும் ஒரு அரை டிகிரி தள்ளி வச்சா பிரமாதமா இருக்கும்" என்று தீப்பொறி விழும் டைமிங்கைத் திருகிக்கொண்டே இருந்ததால் வந்த பெயர். பெட்ரோலுக்காகச் செய்த எஞ்சினைக் கேஸில் ஓட்டுவது யானையை வாங்கிக் கோழிக்குக் காவல் வைப்பது போல என்பது அவர் கட்சி. கேஸ் பொறுமைசாலி, எவ்வளவு அமுக்கினாலும் வேளை வருமுன் வெடிக்காது. அந்தப் பொறுமையை யாரும் பயன்படுத்தவில்லையே என்று ஆறு வருடம் வருந்தினார். வருந்தியபடியே சிலிண்டர் ஹெட்டை இழைத்தார், மேடு வைத்த பிஸ்டன்களைச் சொல்லிச் செய்வித்தார், கேஸின் வறட்சியைத் தாங்கும் கடினமான வால்வு சீட்டுகளைப் பதித்தார். கடைசியில் பதின்மூன்று பங்கு இடத்தில் இருப்பதை ஒரு பங்குக்குள் அமுக்கும் எஞ்சின் ஒன்று பழைய சரக்கு வேனில் உட்கார்ந்தது. பெட்ரோல் ஊற்றியிருந்தால் டம்ளரில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் இடித்திருக்கும். தண்ணீர்த் தொட்டி மேட்டைச் சரக்கோடு மூன்றாவது கியரில் ஏறிக் காட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. ஆசைக்குக் கெடுவும் இருந்தது. வருடம் முடிவதற்குள் சான்று வராவிட்டால் எஞ்சின் காயலான் கடைக்கும், தான் மைத்துனரின் டயர் கடைக்கும் போவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

செய்ய வேண்டிய நாற்பத்து மூன்று வேலைகளை அட்டையில் எழுதி, முடிந்ததை டிக் அடித்து வருவது அவர் வழக்கம். முப்பத்தொன்றாவது வேலை, எஞ்சினின் வெந்நீரை ஒரு குழாய் வழியே வேப்பரைசருக்குக் கொண்டுபோவது. வேப்பரைசர் என்பது திரவமாக வரும் கேஸைக் கொதிக்க வைத்து ஆவியாக்கும் சிறிய பெட்டி. அதற்குச் சூடு கிடைக்காவிட்டால் பனி பூத்து உறைந்து எஞ்சினை நிறுத்திவிடும். குழாயை வாங்கிவந்த சந்தோஷத்தில் அன்றே டிக் அடித்துவிட்டார். ஒன்பது நாள் கழித்து அலமாரியில் அது சுருண்டு கிடப்பதைப் பார்த்து வேனுக்கு ஓடினார். பெட்டியில் பொட்டுப் பனி இல்லை. எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டை, பக்கத்தில் யாரிடம் மிகுதியாக இருந்ததோ அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. மனிதர்களிடம் மிகுதியை மட்டுமே எடுத்தது. தொண்ணூற்றெட்டு புள்ளி நான்குக்குக் கீழே யாரையும் இறக்கியதாகத் தகவல் இல்லை. அடுத்த வீட்டு இஸ்திரிக்காரரின் பெட்டியிடம் மட்டும் இந்த மரியாதையைக் காட்டவில்லை. அது ஒரு சட்டை முடிவதற்குள் ஜில்லிட்டுப்போகும். அவர் இரண்டு நாள் கத்திப் பார்த்துவிட்டு நான்கு வீடு தள்ளிக் குடிபோனார்.

செய்தி பரவியது. கொட்டகை வாசலில் மனைவி பெஞ்சு போட்டாள், வரிசை எண் எழுதிக் கொடுத்தாள், தெர்மாமீட்டரைக் கழுவித் துடைத்தாள். ஆறு வருடம் அந்த எஞ்சினைச் சக்களத்தி என்று அழைத்தவள் அவள். "மாப்பிள்ளையாலயும் ஒரு பிரயோஜனம் உண்டுன்னு கண்ணை மூடுறதுக்குள்ள பார்த்துட்டேன்" என்றார் மாமியார். மெக்கானிக்குக்குத்தான் சோறு இறங்கவில்லை. பெஞ்சில் இருந்த ஒருவரிடம், "பதிமூணுக்கு ஒண்ணு அமுக்கம், இடிக்குதா பாருங்க?" என்று கேட்டார். "அதெல்லாம் இருக்கட்டும்ணே, கொஞ்சம் வேகமா முடுக்குங்க, குளிர் தாங்கல" என்று பதில் வந்தது.

வருடத்தின் கடைசி வாரம் தகுதிச் சான்று அதிகாரி வந்தார். விதிப்படி வெந்நீர்க் குழாய் இருக்க வேண்டும். முந்தின நாளே மெக்கானிக் அதை மாட்டிவிட்டார். அந்த நிமிடத்திலிருந்து யார் காய்ச்சலும் இறங்கவில்லை. பெஞ்சில் பதினொரு பேர் முனகிக்கொண்டிருக்க, அதிகாரியை ஏற்றிக்கொண்டு வேன் புறப்பட்டது. சிமெண்ட் மூட்டைகளோடு மேட்டை மூன்றாவது கியரில் ஏறியது. பாதி மேட்டில் நான்காவதுக்கு மாற்றியதாகவும் சொல்கிறார்கள். அதிகாரி படிவத்தில் குனிந்திருந்ததால் அதற்குச் சாட்சி மெக்கானிக் ஒருவரே. உச்சியில் அதிகாரி பானெட்டின் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வந்தபோது மனைவி கையில் பிளையரோடு நின்றாள்.

"ஏறியாச்சில்ல? கழட்டுங்க."

"கழட்டினா சான்று செல்லாதுடி. நாளைக்கே டயர் கடைக்குப் போன்னு நீதான் சொல்லுவே."

"எங்க அண்ணனுக்கு டயர் கழட்ட ஊர்ல ஆளா இல்ல? பின்னாடி திரும்பிப் பாருங்க. அந்தக் கடைசிப் பொண்ணுக்கு நூத்தி நாலு."

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தார். மை இன்னும் காயவில்லை. அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "குடு இங்க, நீ கிளிப்பை உடைச்சிடுவே" என்று பிளையரை வாங்கினார்.

அதன்பிறகு வேன் எங்கும் போகவில்லை. சக்கரங்களில் காற்று இறங்கியது. மைத்துனர் வந்து நான்கையும் கழற்றிக்கொண்டு போனார். எஞ்சின் தினமும் பத்திலிருந்து ஒரு மணி வரை ஓடியது. மெக்கானிக் டைமிங்கை அரை அரை டிகிரியாகத் தள்ளி, நான்கு நிமிட வேலையை இரண்டே முக்காலுக்குக் கொண்டுவந்தார். மேட்டைப் பற்றி அவர் பேசுவதில்லை, யாரும் கேட்பதுமில்லை. அதிலிருந்து ஏழாவது வருடம், ஒரு குழாய் குறைவதாக யாரோ புகார் எழுதியதால், அதே அதிகாரி சோதனைக்கு வந்தார். வந்தவருக்கு நூற்றொன்று இருந்தது. மனைவி கொடுத்த எண்ணோடு நாலாவது ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போய், இரண்டே முக்கால் நிமிடத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு படிவத்தைத் திறந்து, எரிபொருள் என்ற கட்டத்தில் கேஸ் என்றும், வெந்நீர்க் குழாய் என்ற கட்டத்தில் தேவையில்லை என்றும் நிரப்பிவிட்டு, அடுத்தவர் உட்கார நகர்ந்து இடம் கொடுத்தார்.