ஐலெர்ட் திரும்பி வந்த குளிர்காலம்

கொலையுண்டு அடக்கமும் ஆன மறுநாள், ஐலெர்ட் வீட்டுக்குத் திரும்பி வந்து, பூட்ஸைக் கழற்றி அடுப்போரம் வைத்துவிட்டு, மனைவி சுன்னிவாவிடம் காபி கேட்டான். நார்வேயின் வடகோடியில், குளிர்காலம் முழுக்கச் சூரியன் தலைகாட்டாத ஸ்கார்விகாவில், அன்று அதைவிடப் பெரிய பேச்சு காட் மீன் விலை சரிந்ததுதான். பின்மண்டை பிளந்திருந்ததால் தொப்பியை மட்டும் அவன் கழற்றுவதில்லை.

கொன்றவனைக் கண்டுபிடிக்க சுன்னிவா வரவழைத்தது பிரின்யாரை. குடியால் போலீஸ் வேலையை இழந்து, துரோம்சோ நகரத்தில் துப்பறிந்து பிழைத்துவந்தவன். ஒருகாலத்தில் அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவன். கல்யாணத்தன்று குடித்துவிட்டுத் தூங்கிப்போனான். தேவாலயத்தில் காத்துக்கிடந்தவளை வீட்டுக்குக் கூட்டிப்போனவன் ஐலெர்ட்.

“யாருன்னு பார்க்கலைப்பா, பின்னாலேர்ந்து அடிச்சுட்டான்,” என்றான் ஐலெர்ட், சிரமம் கொடுத்ததற்கு வருந்துகிறவன்போல. அவன் சொல்லச் சொல்ல சுன்னிவா அவனுடைய கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். பிரின்யாருக்கு வயிறு எரிந்தது. கொலையாளி அகப்பட்டால் இவன் கல்லறைக்கே போய்த் தொலைவான் என்று நம்பினான். அந்த ஆசையில் குடியைக்கூட விட்டுவிட்டு அலைந்தான்.

ஊரே ஐலெர்ட்டைப் பார்க்க வந்தது. வந்தவர்கள் எல்லாரும் தொப்பியைப் பார்த்தார்கள். அவனுடைய படகுக் கூட்டாளி தோர்கெர் மட்டும் சுன்னிவாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை பிரின்யார் சவரக் கண்ணாடியில் தினமும் பார்த்துவந்தான்.

மீன் காயும் மரச்சட்டங்களுக்கு அடியில் அவனை மடக்கினான். “உன்னாலயும் தாங்க முடியல, இல்ல?”

தோர்கெர் மறுக்கவில்லை. “ரெண்டு பேரும் ஒரே படகுலேர்ந்துதான்யா இறங்குவோம். அவ கையாட்டுறது அவனுக்கு மட்டும். ஒரே ஒரு நாள் எனக்கும் சேர்த்து ஆட்டியிருக்கலாம்ல?” என்று அழுதான். மீனை மண்டையில் அடிக்கும் கட்டையை ஒளித்த பாறையிடுக்கையும் அவனே காட்டினான்.

போலீஸ் படகு அவனை ஏற்றிச் சென்றது. பிரின்யார் ஐலெர்ட்டின் எதிரில் உட்கார்ந்து காத்திருந்தான். ஐலெர்ட் இன்னொரு ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவினான்.

“இன்னும் போகலையா இவன்?” என்று சுன்னிவாவிடம் கேட்டான் பிரின்யார்.

“எங்க போகணும்? இது அவனோட வீடு,” என்றாள் சுன்னிவா. “கொன்னவன் யாருன்னு தெரியாம அவனை வெளிய அனுப்பப் பயமா இருந்துச்சு. அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்.”

கப்பல் வந்த அன்று பிரின்யாரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைவரை வந்தவன் ஐலெர்ட்தான். “வசந்தத்துல வாப்பா, மீன் நல்லா இருக்கும்,” என்று கை நீட்டினான். பற்றிய கை கதகதப்பாக இருந்தது. கிளம்பும்போது அந்தக் கையை சுன்னிவா நெடுநேரம் தேய்த்துச் சூடாக்கி அனுப்பியிருந்தாள். கரை மறையும்வரை பிரின்யார் கையுறை போட்டுக்கொள்ளவில்லை.