கோரம்

அப்பாவின் அடையாள அட்டையைத் தேடி அவள் அலமாரியின் இரண்டாவது தட்டைக் குடைந்துகொண்டிருந்தபோது கூடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கோரம் இல்லையே."

அழுது ஓய்ந்து கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அத்தை விருட்டென்று நிமிர்ந்தாள். அண்ணனின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, சொன்னவர் பக்கம் திரும்பினாள். "ஏன், எங்கண்ணன் முகம் கோரமா இருந்தாத்தான் உங்களுக்குத் திருப்தியா? சாவு வீட்டுல பேசுற பேச்சா இது?"

"ஐயையோ, அது இல்லம்மா." டியூஷன் மாஸ்டர் பதறிப்போய்க் கண்ணாடியைக் கழற்றினார். "கூட்டம் நடத்தக் குறைஞ்சது இத்தனை பேர் இருக்கணும்னு விதி. அதைத்தான் கோரம்னு சொல்லுவோம். ஏழு பேர் வேணும். ஆறு பேர்தான் இருக்கோம்."

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. அலமாரிக்குள் தலையை விட்டிருந்த மகளுக்கு எல்லாம் புரிந்தது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா வாசலில் நின்றுகொண்டு "கோரம் வந்துடுச்சா, கோரம் வந்துடுச்சா" என்று தவிப்பார். கோரம் என்பது யாரோ ஒரு முக்கியமான ஆள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பெரும்பாலும் அந்த ஆள் வரமாட்டார்.

அப்பாவின் கட்சியில் பதவிதான் பெயர். மாவட்டச் செயலாளரை 'மாவட்டம்' என்பார்கள். முப்பத்தொரு வருஷம் கிளைச் செயலாளராக இருந்த அப்பா 'கிளை'. கிளைக்கு மூட்டு வலி, கிளை மாத்திரை போட்டுச்சா என்றுதான் பேச்சு. இன்று காலை, ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் 'மைக்செட்' எல்லோருக்கும் போன் போட்டு "கிளை போயிடுச்சு" என்று சொன்னபோது இரண்டு பேர் மாவட்டம் கிளையைக் கலைத்துவிட்டதாக நினைத்துப் பதறியிருக்கிறார்கள். செத்தது மனுஷன்தான் என்று தெரிந்ததும் அவர்கள் கொஞ்சம் ஆசுவாசப்பட்டதாக மைக்செட்டே வந்து சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமில்லை.

கட்சி என்று சொல்ல அவளுக்குத்தான் கூசும். போன தேர்தலில் இந்த வட்டத்தில் கிடைத்தது இருநூற்றுப் பதினாலு ஓட்டு. செல்லாத ஓட்டு அதைவிட அதிகம். முப்பத்தொரு வருஷத்தில் கிளை சாதித்தது பள்ளிக்கூடத் தெரு முனையில் ஒரு வேகத்தடை. அதற்கு நாற்பது மனு, ஒரு ஊர்வலம். ஊர்வலத்தில் எட்டுப் பேர், அதில் ஒருவர் படம் எடுக்க வந்தவர். கட்டி முடித்த நாளிலிருந்து தெருவே அந்த வேகத்தடையைத் திட்டிக்கொண்டிருக்கிறது.

மயானத்தில் காட்ட வேண்டிய அட்டை கிடைத்தது. வண்டிக்காரன் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். இப்போது மூன்று. கூட்டமும் மூன்று மணிக்குத்தான் என்று போன வாரமே முடிவானது. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்த அப்பா வைத்த நேரம், மாறாது. வந்திருக்கும் ஆறு பேரும் சாவுக்கு வந்தார்களா கூட்டத்துக்கு வந்தார்களா என்பது அவர்களுக்கே தெரியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கட்டிலைப் பார்க்கப் போடுவதா, ஒருவரையொருவர் பார்க்கப் போடுவதா என்று யோசித்து, இரண்டுக்கும் நடுவில் கோணலாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நேற்றுச் சாயங்காலம் அந்த நாற்காலிகளை ஈரத்துணியால் துடைத்தது அப்பா. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவன் கண்ணைச் சோதித்துவிட்டு வந்தவள், செருப்பைக் கழற்றக்கூட வழியில்லாமல் வாசல்வரை நாற்காலி கிடப்பதைப் பார்த்தாள். வாய் சும்மா இருக்கவில்லை. "எதுக்குப்பா பதினஞ்சு நாற்காலி? நீங்க செத்தாக்கூட ஏழு பேர் தேறமாட்டாங்க."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "பார்ப்போம்" என்றார்.

காலையில் அவள் கொண்டுபோய் வைத்த டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது. அப்போதுதான் அவரைத் தொட்டுப் பார்த்தாள்.

கூடத்தில் பேச்சு சூடுபிடித்திருந்தது. மாவட்டம், கட்சியைக் கொண்டுபோய் ஒரு பெரிய கட்சியில் கரைத்துவிடப் பார்க்கிறார். அடுத்த வாரம் மாநாட்டில் ஓட்டெடுப்பு. இந்தக் கிளைக்கு ஒரு பிரதிநிதி, ஒரு ஓட்டு. வேண்டாம் என்று விழப்போகும் ஓட்டு. இன்று ஐந்து மணிக்குள் ஏழு பேர் கூடிப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பாவிட்டால் கிளை கலைந்ததாக அர்த்தம்.

"ஒரு நாள் தள்ளிக் குடுங்க, கிளை செத்துப்போச்சுன்னு கெஞ்சினேன்," என்றார் மைக்செட். அவருக்கு மெதுவாகப் பேச வராது. "மாவட்டம் என்ன சொல்லுச்சு தெரியுமா? செயலாளரே இல்லாத கிளை எதுக்கு, கலைச்சிடலாமேன்னுச்சு. ஒரு மாலை போடக்கூட வரல, படுபாவி."

"அப்ப முடிஞ்சுபோச்சு," என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் எல்லாவற்றுக்கும் இதையேதான் சொல்வார். பக்கத்தில் எலக்ட்ரீஷியன் சுவிட்ச் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக்செட் திடீரென்று துள்ளினார். "ஏங்க, கிளை இங்கதானே இருக்கு! அதோ! அதையும் சேர்த்தா ஏழுதானே?"

யாராவது அவர் வாயில் ஒன்று போடுவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். டியூஷன் மாஸ்டரோ பையிலிருந்து கட்சியின் விதிப்புத்தகத்தை எடுத்தார். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். "பதினோராவது விதி... 'நேரில் கலந்துகொள்ளும் உறுப்பினர்கள்'னுதான் இருக்கு. உயிரோடன்னு தனியாப் போடல."

"அப்ப செல்லும்ல?"

"கையெழுத்துன்னு ஒண்ணு இருக்கே."

"கைநாட்டு வைக்கலாம்ல?"

அவள் கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"எந்திரிங்க."

ஆறு பேரும் எழுந்தார்கள். முதலில் எழுந்தது வழிமொழி. எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்து தானாக ஒன்று சொல்லாதவர் அவர். யார் எதை முன்மொழிந்தாலும் "வழிமொழிகிறேன்" என்பதோடு அவர் அரசியல் முடிந்தது. அதுவே பெயராகவும் ஆகிவிட்டது.

"கட்டைவிரலப் புடிச்சு மையில அழுத்தலாம்னு பார்க்குறீங்க, இல்ல? அவரு மனுஷன்யா. எங்கப்பா. முப்பத்தொரு வருஷம் உங்களுக்கு நாற்காலி துடைச்சுப் போட்டாரே, அது போதலையா? உங்களுக்கு வேண்டியது ஒரு தலை. அது பேசலைன்னா இன்னும் நல்லது." அவள் வாசலைக் காட்டினாள். "நாற்காலிய மடிச்சு வச்சுட்டுக் கிளம்புங்க. வண்டிக்கு நாலு பேர் தூக்க அக்கம்பக்கத்துல ஆள் இருக்கு."

மாஸ்டர் விதிப்புத்தகத்தை மூடினார். மைக்செட் தரையைப் பார்த்தார். நாற்காலிகள் மடிக்கிற வகை இல்லை என்பதால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்கள். அதிலும் ஒருவர் அடுக்கியதை இன்னொருவர் சரிசெய்தார்.

தையல்கார அக்கா மட்டும் நகரவில்லை. அந்தக் கட்சியில் இருந்த ஒரே பெண். அடுத்த தெருவில் தையல் கடை. அவளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தவள்.

"நீங்களும்தான்க்கா."

"போறேன். ஆனா கோரம் இருக்குடா கண்ணு," என்றாள் அக்கா. "எட்டாவது உறுப்பினர் நீதான்."

"எது?"

"நீ வீட்டுக்காரன் வேணாம்னு திரும்பி வந்தியே, அந்த மாசம் கிளையில ஆள் குறைஞ்சது. உங்கப்பா உன் பேரைச் சேர்த்தாரு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் உன் கையெழுத்தையும் அவரேதான் போடுவாரு. எங்க எல்லாருக்கும் தெரியும், உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகிற வீட்டில் நன்றாகக் கேட்கும்படியாகவே சிரித்தாள். ஆக, கள்ளக் கையெழுத்து. நேர்மை நேர்மை என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டிய மனுஷன், பெற்ற பெண்ணின் கையெழுத்தையே ஆறு வருஷமாகக் கள்ளத்தனமாகப் போட்டிருக்கிறார். இவர்கள் ஆட்சியைப் பிடிக்காமல் போனதில் நாட்டுக்கு நஷ்டமில்லை.

"நல்ல கட்சி," என்றாள். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா அவருக்கு?"

"பயம்," என்றாள் அக்கா. "ஆனா உன்னச் சும்மா உட்கார வைக்கல. படிச்சுப் பாரு." அப்பாவின் மேசையிலிருந்து மாஸ்டர் எடுத்து வைத்திருந்த கூட்டக் குறிப்பேட்டை வாங்கி அவளிடம் நீட்டினாள்.

தடித்த அட்டை போட்ட நீள நோட்டு. டிப்போவில் பஸ் நேரம் எழுதிப் பழகிய சாய்வான கையெழுத்து. அவள் நின்றவாக்கிலேயே புரட்டினாள்.

'உறுப்பினர் எட்டு: வேகத்தடையைத் தவிர வேறு என்ன கிழித்தீர்கள்? கிளை பரிசீலித்தது. பதில் இல்லை. விமர்சனம் ஏற்கப்பட்டது.'

இது போன வருஷம், சாப்பிடும்போது அவள் கேட்டது.

'உறுப்பினர் எட்டு: உட்கார்ந்து டீ குடிக்க ஒரு கட்சியா? செயலாளர் நீண்ட விளக்கம் அளித்தார். உறுப்பினர் எட்டு திருப்தியடையமாட்டார் எனக் கிளை கருதுகிறது.'

பக்கம் பக்கமாக இருந்தது. அவள் வாசலில் சொன்னது, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னது, கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டே சொன்னது. எதற்கும் அப்பா வீட்டில் பதில் சொன்னதில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். காது கேட்கவில்லை என்றுகூட அவள் நினைத்ததுண்டு.

'உறுப்பினர் எட்டு: அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றும் கூட்டத்துக்குப் போனவர்தானே நீங்கள்? செயலாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். செயலாளரைக் கண்டித்துத் தீர்மானம். முன்மொழிந்தவர்: செயலாளர்.'

வழிமொழி தொண்டையைச் செருமினார். "அன்னிக்கு நான் வழிமொழிய மாட்டேன்னேன்மா. கிளை விடல. ஒரு மணி நேரம் உட்கார வச்சிடுச்சு."

அவள் பக்கங்களைத் தள்ளினாள். கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். இன்றைய தேதி, மாலை மூன்று மணி. நேற்றே எழுதி வைத்திருக்கிறார். கூட்டத்தில் பேச வேண்டிய விஷயங்கள் மூன்று. ஒன்று, போன கூட்டத்தின் குறிப்பு. இரண்டு, மாநாட்டுப் பிரதிநிதி. மூன்றாவதைப் படித்ததும் நோட்டை மூடிக் கட்டில் பக்கம் திரும்பினாள். அத்தை ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள். அடுக்கின நாற்காலிகளில் மேலே இருந்ததை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சீக்கிரம் ஆரம்பிங்க. நாலு மணிக்கு வண்டி வந்துடும்."

அவர்கள் மேல் அவளுக்கு மதிப்பு ஒன்றும் வந்துவிடவில்லை. ஒரு நிமிட மௌன அஞ்சலியில் மைக்செட்டின் போன் அடித்தது. அவர் அதை எடுத்து "அஞ்சலில இருக்கேன்" என்று பதிலும் சொன்னார். மருந்துக்கடைக்காரர் தன்னைப் பிரதிநிதியாகப் போடுவார்களோ என்று சுற்றிலும் பார்த்தார். போடவில்லை. தையல்கார அக்காவை மாஸ்டர் முன்மொழிந்தார், வழிமொழி வழிமொழிந்தார். ஏழு கைகளும் தூக்கப்பட்டன. அவள் கை கடைசியாக, தோளுக்கு மேல் போகாமல்.

"மூணாவது," என்று தொடங்கிய மாஸ்டர் நின்றார். அவளைப் பார்த்தார். "இது... ஒத்தி வச்சிடலாமா?"

"ஏன்? விவாதிக்கன்னுதானே எழுதியிருக்காரு. படிங்க."

மாஸ்டர் பாடம் சொல்லும் குரலில் படித்தார். "'உறுப்பினர் எட்டு: நீங்கள் செத்தால்கூட ஏழு பேர் தேறமாட்டார்கள். விவாதிக்க.'"

அத்தையின் கை அண்ணனின் முகத்துக்கு மேல் அப்படியே நின்றது. கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவள் மடியிலிருந்த அடையாள அட்டையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மைக்செட் போனை எடுத்து அணைத்துவைத்தார்.

வழிமொழி எழுந்து நின்றார். பழக்கமில்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார்.

"ஏழு பேர் இருக்கோம்," என்றார்.

அது முன்மொழிவா, சும்மா சொன்னதா என்று மாஸ்டருக்கு விளங்கவில்லை. வழிமொழிய வேண்டியவர் முன்மொழிந்துவிட்டதால் வேறு யாருக்கும் என்ன செய்வதென்று தோன்றவில்லை.

"வழிமொழியறேன்," என்றாள் அவள்.

மாஸ்டர் அதைக் குனிந்து எழுதினார். பிறகு நோட்டு கைமாறிக் கைமாறி அவளிடம் வந்தது. ஆறு கையெழுத்துகள் இருந்தன. பேனாவை எடுத்தாள்.

"இரு இரு, உன் கையெழுத்தப் போட்டுடாத!" மாஸ்டர் பாய்ந்து வந்து நோட்டின்மேல் கையை வைத்தார். "ஆறு வருஷமா இருக்குறது வேற. இன்னிக்கு மாறினா மாவட்டம் இதையே புடிச்சுக்கும்."

முந்தைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவள் பெயர்தான். முதல் எழுத்து தேவைக்கு மேல் பெரியதாக, மற்றவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேல்நோக்கி ஏறின. கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு இறங்கி வந்து பெயர் முழுவதற்கும் அடியில் ஓடியது. கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளிகள்.

மாஸ்டர் பையிலிருந்து பழைய நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பிக் கொடுத்தார். அவள் எழுதிப் பார்த்தாள். எழுத்து கீழே சரிந்தது. இன்னொரு முறை எழுதினாள். முதல் எழுத்து போதவில்லை என்றாள் தையல்கார அக்கா. ஆறு பேரும் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து நின்று பார்த்தார்கள். தெரு முனையில் வேகத்தடையில் ஒரு வண்டி மெல்ல ஏறி இறங்குகிற சத்தம் கேட்டது.

"வந்துட்டான்," என்றாள் அத்தை.

"ரெண்டு நிமிஷம் நிக்கச் சொல்லுங்கத்தே," என்றாள் அவள். நோட்டைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டு முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டாள். மற்றவற்றை மேலே ஏற்றினாள். கோட்டை இழுத்து, அடியில் இரண்டு புள்ளிகளையும் வைத்தாள்.