மோட்டார் ஓடாத ரெண்டு மணி நேரம்

ஜெயசுதாவின் ஆராய்ச்சிக்கு எதிரி வேறு யாருமில்லை, செட்டிகுளத்து வெங்காயக் காடுதான். காட்டு லைனில் கரண்ட் வந்ததோ இல்லையோ, சுற்றுவட்டாரத்து மோட்டார் அத்தனையும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். கல்லூரி ஆய்வகத்தில் ஃபேன் சோம்பும். ஊசி முனையிலிருந்து பறந்துகொண்டிருந்த நூல் சொட்டுச் சொட்டாக உதிரும். அத்தோடு அன்றைய பாடு தீர்ந்தது.

வேலை என்னமோ சொல்வதற்குச் சுலபம். பிளாஸ்டிக் மாதிரி ஒரு பாலிமரைக் கரைத்து ஊசியில் அடைத்து, பதினஞ்சாயிரம் வோல்ட் கொடுத்தால், முனையில் நிற்கும் சொட்டு கூம்பாக இழுபட்டு, கண்ணுக்குத் தெரியாத நூலாகப் பறந்து எதிரே இருக்கும் அலுமினியத் தாளில் படியும். இழுவை சரியாக இருந்தால் நூலுக்குள் இருக்கும் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒரே பக்கமாகத் திரும்பி நிற்கும். அப்புறம் விரலால் அழுத்தினாலே மின்சாரம் கொடுக்கும். வோல்டேஜ் இறங்கினால் போச்சு. நூல் நெடுக மணி மணியாகத் திரண்டு, அழுத்தினால் ஒரு எழவும் வராது.

காலையில் எடுக்கலாம்தான், தை மாசப் பனி விடுமா? காற்றில் ஈரம் இருந்தால் நூல் முழுக்கப் பொத்தலாகிவிடும். வெயில் ஏறிய மத்தியானம்தான் தோது. அந்த நேரத்தில்தான் காட்டுக்குக் கரண்ட். ஒரு நல்ல ஸ்டெபிலைசர் கேட்டால் கல்லூரித் தாளாளர், "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்று சிரிப்பார். அந்த ஆள் வீட்டில் மட்டும் மூன்று இருந்தது.

திருச்சியிலிருக்கும் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். இந்த வாரத்துக்குள் நூல் படிந்த நல்ல தாள் ஒன்று வராவிட்டால் ஆய்வுப் பதிவு ரத்து. இத்தனை வருஷப் பாடும் வீண். அவள் நேரே லைன்மேன் குழந்தைவேலிடம் போனாள். அவர் அவளுக்குத் தாய்மாமன்.

"மாமா, நாளைக்கு மத்தியானம் ஒரு ரெண்டு மணி நேரம் காட்டு லைன நிறுத்தி வைங்க."

"வெளையாடுறியா? வெங்காயத்துக்குத் தண்ணி பாயுற நேரம். ஊரே என்னைய வெட்டிப் போட்டுரும்."

"ஏதோ பழுதுன்னு சொல்லிக்குங்க மாமா. இல்லன்னா என் படிப்பு மண்ணாப் போயிடும்."

அக்கா மகள் அழுதால் அவருக்குத் தாங்காது. "சரி, ஒங்க அண்ணங்கிட்டயாவது சொல்லிடு. அவனும் தண்ணி கட்டுவான்ல."

"அண்ணனுக்குத் தெரிய வேணாம். கத்தும்."

கத்தியிருப்பான்தான். கத்திவிட்டு, போய்த் தொலை என்று மம்பட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்திருப்பான். அவளைக் கட்டிக்கொடுத்துவிடச் சொல்லி ஊரே நச்சரித்தபோது, அது படிக்கட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் அந்த அண்ணாதுரைதான்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வோல்ட் மீட்டர் முள் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஊசி முனையில் கூம்பு கலையவே இல்லை. தாளில் வெள்ளையாக, மெல்லிசாக, நூலில் ஒரு மணி கூடத் திரளாமல் படிந்துகொண்டே வந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. கையோடு உரித்து, திருச்சி பஸ்ஸுக்குக் கிளம்பிய, அதே கல்லூரி அனிதா டீச்சரிடம் கொடுத்தனுப்பினாள்.

சொன்னபடி ரெண்டு மணிக்குக் குழந்தைவேல் லைனை ஏற்றிவிட்டார்.

பாதித் தண்ணீரில் கரண்ட் போனால் இனி சாயந்திரம்தான் வரும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் பழகிப்போன கணக்கு. சுவிட்சை யாரும் அணைக்க மாட்டார்கள். எப்போது வந்தாலும் மோட்டார் தானாக ஓடட்டும் என்று அப்படியே விட்டுவிடுவார்கள். அண்ணாதுரையும் அப்படித்தான் விட்டுவிட்டு, மோட்டாருக்குப் போகும் ஒயரில் தேய்ந்துபோன இணைப்பைச் சரிபண்ணக் கிணற்றுக்குள் இறங்கினான். ஒயர் கையில் இருக்கும்போது கரண்ட் வந்தது. சோறு கொண்டுபோன அவன் மனைவி பரிமளாதான் முதலில் பார்த்தாள்.

கருமாதி முடிந்த மறுநாள் பேராசிரியர் போன் பண்ணினார். துக்கம் விசாரித்துவிட்டுச் சொன்னார்: "ஜெயசுதா, உங்க தாளோட எக்ஸ்ரே ரிசல்ட் வந்துருச்சு. நம்ம லேப்ல இப்படி ஒரு தாள் வந்ததே இல்ல. ஆனா ஒண்ண வச்சு யாரும் நம்ப மாட்டாங்க. அதே மாதிரி இன்னும் ரெண்டு எடுத்துட்டு வாங்க. அன்னைக்கு என்னென்ன எப்படி இருந்துச்சோ, அத்தனையும் அப்படியே இருக்கணும்."

அவள் "முடியாது சார்" என்று வைத்துவிட்டாள். மடியில் அண்ணன் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"போன்ல யாரு?" என்றாள் பரிமளா. அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

"எங்க சாரு, அண்ணி."

"தாளு நல்லா வந்துச்சாமா? அன்னைக்குக் காலையில கூட ஒங்க அண்ணன் அதப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தாரு."

"வந்துச்சு."

"எப்படி? கரண்டு நெலையா நிக்கலன்னு அத்தன நாளா பொலம்பினியே."

பொய் சொல்லியிருக்கலாம். குழந்தைவேல் மாமா வெளியே மூச்சு விடமாட்டார். அவரே அன்றிலிருந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஆனால் அண்ணி நிஜமான அக்கறையோடு கேட்டுவிட்டு, பதிலுக்காக முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயசுதாவால் பொய் சொல்ல முடியவில்லை.

"மாமாகிட்ட சொல்லி அன்னைக்கு காட்டு லைன நிறுத்தச் சொன்னது நான்தான், அண்ணி. திரும்ப ரெண்டு மணிக்குப் போடச் சொன்னதும் நான்தான். அண்ணங்கிட்ட சொல்லல."

பரிமளா குனிந்து அவள் மடியிலிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.