நூல் அளவு பெட்ரோல்

தையல்காரருக்கு வலது கால் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். இருபத்தாறு வருடம் மெஷினை மிதித்த கால். மெஷினுக்கு மோட்டார் வைத்து ஏழு வருடம் ஆகியும் அந்தச் செய்தி காலுக்குப் போய்ச் சேரவில்லை. சாப்பிடும்போது மிதிக்கும், கடன்காரன் வந்து வாசலில் நிற்கும்போது மிதிக்கும், தூக்கத்திலும் மிதிக்கும். அந்தக் காலுக்கு அடியில் ஒரு மெஷினை வைத்திருந்தால் விடிவதற்குள் தெருவுக்கே தலையணை உறை தைத்து முடித்திருக்கும் என்று அவர் மனைவி சொல்லுவாள். அவள் எதையும் கூட்டிச் சொல்கிறவள் அல்ல.

அந்தக் கால் அடங்க வேண்டுமென்றால் ஒன்று நடக்க வேண்டும். மனைவியின் தம்பிக்கு எங்காவது ஒரு வேலை கிடைத்து, அவன் அங்கேயே போய்த் தங்க வேண்டும்.

மச்சினன் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவன். வந்து இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிறது. நல்லவன்தான். அவசரம் என்பது அடுத்தவர்களுக்கு வரும் வியாதி என்று நினைப்பவன், அவ்வளவுதான். பல் தேய்க்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வான். கடையின் பின்னறை அவன் வசமாகிவிட்டது. துணி வெட்டும் மேசைமேல் துணியோடு துணியாகத் தூங்குவான். ஒருநாள் தையல்காரர் அவனைப் பாதி வரை அளந்து, சாக்பீஸால் கோடும் போட்ட பிறகுதான் உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். காரைத்தான் பொறுக்க முடியவில்லை. சின்னக் கார், பழைய கார், ஆனால் அவர் காசில் வாங்கியது. "அத்தான், சாவி குடுங்க, சும்மா ஒரு ரவுண்டு" என்பான். அந்த ரவுண்டு எவ்வளவு பெரிய ரவுண்டு என்றால், காலையில் கிளம்பினவன் மறுநாள் எதிர்த்திசையிலிருந்து வருவான். முடியாது என்று சொல்லலாம். சொன்னால் மனைவி ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒரு வாரத்துக்கு ஒன்றுமே சொல்ல மாட்டாள்.

ஆகவே தையல்காரர் யோசித்து ஒரு வழி கண்டார். டேங்கில் இரண்டு லிட்டருக்கு மேல் பெட்ரோல் வைப்பதில்லை. இரண்டு லிட்டரை நம்பி எவன் வண்டி எடுப்பான்? அதோடு விடவில்லை. பெட்ரோல் முள்ளுக்கு நேராக, கண்ணாடியின்மேல் ஒரு சிவப்பு நூலைப் பசை வைத்து ஒட்டினார். முள் நூலுக்குக் கீழே இறங்கியிருந்தால் யாரோ வண்டியை எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தினமும் பல் விளக்குவதற்கு முன்னால் போய்ச் சாவியைப் பாதி திருப்பிப் பார்ப்பார். தாம் ஓட்டிய நாளில் நூல் வரை நிரப்பி வைத்துவிடுவார்; மற்றபடி எட்டு மாதம் முள் நூலை விட்டு நகரவில்லை. உடம்பின் எல்லா அளவையும் கண்ணாலேயே எடுக்கக்கூடிய மனிதர், இந்த ஒரு அளவை எடுத்ததில் அவருக்கு ரகசியமாக ஒரு பெருமை இருந்தது. பக்கத்திலேயே கிலோமீட்டர் எண் ஓடிக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவே இல்லை. கையை அளந்தவர் கழுத்தை விட்டுவிட்டார்.

சாவியைத் திருப்பும்போதெல்லாம் பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு ரீங்காரம் வரும். முதலில் அது ஈ. இரண்டு மாதத்தில் தேனீ. அப்புறம் முடிதிருத்துகிறவர் கையில் இருக்கும் மெஷின். வண்டியும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சாவி திருப்பினால்தான் எழுந்தது. மேடு கண்டால் இழுக்கவில்லை. மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். மெக்கானிக் பின் சீட்டில் குப்புறப் படுத்துக் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று தையல்காரருக்குச் சந்தேகம் வரும் சமயத்தில் எழுந்து உட்கார்ந்தார்.

"இந்த வண்டிக்குப் பம்பு டேங்குக்குள்ளயே இருக்கு. பெட்ரோல்ல முங்கிக் கிடந்தாத்தான் அதுக்குச் சூடு ஏறாது. நீங்க அதைக் கணுக்கால் தண்ணியில நிக்க வச்சு வேலை வாங்கியிருக்கீங்க. தேய்ஞ்சு போச்சு" என்றார். பிறகு பெட்ரோல் ஊற்றும் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "இதுல கொஞ்சம் பெட்ரோலும் கலந்திருக்கு போலிருக்கே."

தான் பெரிய பங்க்கைத் தவிர எங்கேயும் போடுவதில்லை என்று தையல்காரர் தாயாணையாகச் சொன்னார். மெக்கானிக் தோளைக் குலுக்கினார். மண்ணெண்ணெய் வாசனை அடிக்கிறது, அடியில் மண்ணும் இருக்கும், மண் போனால் பம்பை அரம் போல ராவிவிடும், கலப்படம் எரிகிற அழகுக்கு இன்ஜினும் தட்டும் என்று சொல்லிவிட்டு, டேங்கை இறக்கிக் கழுவிப் பம்பை மாற்ற வேண்டும், அதுவரை பெட்ரோலைக் கால்வாசி டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள் என்றார். தையல்காரர் அடுத்த வாரம் வருகிறேன் என்றார். அன்றைக்கே பங்க்குக்கும் போனார். வரிசையில் நிற்கும்போது ஒரு காட்சி மனசில் வந்தது. கால் டேங்க் பெட்ரோலும் மச்சினனும். வரிசையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து கால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது.

அந்த நிலையில்தான் மச்சினன் பேருக்கு ஒரு கடிதம் வந்தது. மலைமேல் இருக்கும் வானிலை நிலையத்துக்கு டிரைவர் வேண்டும். தங்க வீடும் உண்டு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரவும், பிந்தி வருகிறவர்களைப் பார்ப்பதற்கில்லை. 'தங்க வீடும் உண்டு' என்ற வரியைத் தையல்காரர் நாலு தடவை படித்தார். ஒரே மத்தியானத்தில் மச்சினனுக்குப் புதுப் பேன்ட்டும் சட்டையும் தைத்துவிட்டார். அவற்றில் பைகள் மட்டும் மொத்தம் பதினொன்று. எதையும் எடுக்கத் திரும்பி வரவேண்டிய அவசியம் இருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

மலைக்கு ஏழு மணிக்கு ஒரு பஸ், அடுத்தது பன்னிரண்டுக்கு. வெள்ளிக்கிழமை ஏழு மணி பஸ் போகும்போது மச்சினன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். பஸ்ஸைப் பார்த்து பிரஷ்ஷை ஆட்டி வழியனுப்பினான். வேறு வழியில்லை, கார்தான். முதல் நாளே பெட்ரோல் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் கார் வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் இருந்திருக்குமா? மலையடிவாரத்தில் ஒரு பங்க் இருக்கிறது, அங்கே நிரப்பிக்கொள்ளலாம் என்று தையல்காரர் கணக்குப் போட்டார். மனைவியும் தம்பியின் சர்டிபிகேட் ஃபைலைப் பிடித்துக்கொண்டு பின் சீட்டில், பம்புக்கு நேர் மேலே ஏறி உட்கார்ந்தாள்.

அடிவாரப் பங்க்கில் டேங்கர் லாரி நின்று பெட்ரோல் இறக்கிக்கொண்டிருந்தது. கயிறு கட்டி வழியை மறித்திருந்தார்கள். அரை மணி நேரம் ஆகும், இறக்கின கையோடு போட்டால் கீழே படிந்த கசடெல்லாம் கலங்கி வரும், கொஞ்சம் தெளிய விட வேண்டும் என்றார் பங்க்காரர். மணி ஒன்பது பத்து. நின்று போகலாமே என்றான் மச்சினன். தையல்காரரும் நிற்கத்தான் நினைத்தார். ஆனால் கால் நிற்கவில்லை. மலைக்குப் பதினேழு கிலோமீட்டர், இரண்டு லிட்டர் தாராளம் என்று வாய் சொல்லி முடிப்பதற்குள் கால் வண்டியைக் கிளப்பிவிட்டது.

கணக்கு தப்பில்லை. முதல் மூன்று வளைவு ஏறிற்று. நாலாவதில் இன்ஜின், தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கினது மாதிரி தட்டியது. ஐந்தாவதில் விக்கியது. தையல்காரர் அழுத்தினார், விட்டார், அழுத்தினார், விட்டார். கார் நெசவுத் தறி மாதிரி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு ஏழாவது வளைவு வரை போய், மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது. மணி ஒன்பது இருபத்தெட்டு.

பின் சீட்டிலிருந்து மனைவி, "போன தடவையும் இங்கதான் நின்னுச்சு" என்றாள்.

தையல்காரரின் வலது கால் நின்றது. முப்பத்துமூன்று வருடத்தில் முதல் தடவை.

"எந்தத் தடவை?"

அவள் ஒளிக்கவில்லை. மலைமேலிருந்து மேகத்தைக் குனிந்து பார்க்க அவளுக்கு ஆசை. இவரைக் கேட்டால் கடையைப் பூட்ட மாட்டார். ஆகவே இவர் கடையில் இருக்கும் நேரம் பார்த்து, வீட்டு ஆணியில் தொங்கும் சாவியை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். ஒரு இருபது தடவை இருக்கும்.

"முள்ளு நகரவே இல்லையே" என்றார் தையல்காரர். அவர் குரல் அவருக்கே அடுத்த வீட்டுக்காரர் குரல் மாதிரி கேட்டது.

"நகர விடுவேனா அத்தான்? நூல் எங்க இருக்கோ அங்க கொண்டாந்து நிறுத்திருவேன். ஒரு மயிரிழை கூடக் குறைய இல்லாம."

"எதை ஊத்தி?"

"முச்சந்தியில பாட்டில்ல வச்சு விப்பாரே, அவருகிட்ட வாங்கி."

"என்ன கலர்ல இருக்கும்?"

மச்சினன் நிதானமாக யோசித்தான். "அது ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு கலரு."

தையல்காரர் கோபப்படுவதற்கு வாயைத் திறந்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று பார்த்தால், எந்த முனையைப் பிடித்து இழுத்தாலும் அது அந்தச் சிவப்பு நூலில் வந்து முடிந்தது. பாட்டிலைக் கொண்டுவந்து ஊற்றியவன் அவன்; ஆனால் பம்பைக் கணுக்கால் தண்ணீரில் நிற்க வைத்தவர் யார்? மெக்கானிக் சொன்னதையும், தாம் வரிசையிலிருந்து திரும்பி வந்ததையும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். மணி ஒன்பது முப்பத்திரண்டு.

"சரி," என்றார் கடைசியில். "போன தடவை எப்படித்தான் மேல போனீங்க?"

"ரிவர்ஸ்ல."

அவன் அதை விளக்கின விதம், பல் தேய்ப்பதை விளக்குகிற மாதிரி இருந்தது. வண்டி மூக்கைத் தூக்கி ஏறும்போது டேங்கில் இருக்கிற கொஞ்சநஞ்சமும் பின்பக்கம் ஓடிவிடுகிறது. பம்பு உறிஞ்சுகிற வாய் முன்பக்கம். காற்றைத்தான் உறிஞ்சும். தேய்ந்த பம்பு காற்றையும் பெட்ரோலையும் சேர்த்து இழுக்கத் தெம்பில்லாமல் விட்டுவிடும். வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக ஏறினால் இருக்கிறதெல்லாம் வாய்க்கு வந்து சேரும்.

தையல்காரர் வண்டியை உருட்டித் திருப்பித் தாமே ஓட்டிப் பார்த்தார். இரண்டு கஷ்டம் இருந்தது. முதலாவது கழுத்து. மெஷினையே பார்த்துப் பழகின கழுத்து கீழே வளையுமே தவிரப் பின்னால் திரும்பாது. இரண்டாவது கால். அது மிதித்த மிதியில் கார் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்தது. பள்ளத்தின் விளிம்பில் பின்சக்கரம் கல்லைத் தள்ளியபோது மனைவி, "பூத்தையல் அப்புறம் போடலாங்க" என்றாள்.

அவர் இறங்கிச் சுற்றி வந்து, "இந்தா மாப்ள" என்று சாவியைக் கையில் கொடுத்தார்.

மச்சினன் அவசரப்படவில்லை. அன்றைக்கு அதுதான் வேண்டியிருந்தது. அழுத்திய பெடலை அழுத்தியபடியே, பின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, எட்டு, ஒன்பது, பத்து என்று வளைவுகளை ஒவ்வொன்றாக விழுங்கினான். பதினோராவது வளைவில் கீழேயிருந்து ஒரு லாரி ஏறி வந்தது. முகத்தைக் காட்டிக்கொண்டே தன்னை விட்டு விலகிப் போகும் காரைப் பார்த்த லாரிக்காரர், தாம்தான் ரிவர்ஸில் போகிறோமோ என்று கியரைக் குனிந்து பார்த்தார். அப்புறமும் நம்பிக்கை வராமல் கிளீனரை இறக்கிச் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கச் சொன்னார். தையல்காரர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. கடிகாரத்தையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் நூலுக்கு ரொம்பக் கீழே போய்விட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, அது நூலுக்கு மேலே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தார்.

ஒன்பது ஐம்பத்தெட்டுக்குக் கார் வானிலை நிலையத்தின் கேட்டுக்குள் முதுகைக் காட்டியபடி நுழைந்தது. காற்று அளக்கும் கிண்ணங்கள் கம்பத்தின் மேல் சுற்றிக்கொண்டிருந்தன. நிலைய அதிகாரி ஒரு நடுத்தர வயது அம்மாள், வாசலில் நின்று கடைசி வளைவு முழுவதையும் பார்த்திருக்கிறார். மச்சினனிடம் லைசென்ஸைக்கூடக் கேட்கவில்லை. கீழேயிருந்து இப்படியேதான் வந்தீர்களா என்று கேட்டார். ஏழாவது வளைவிலிருந்துதான் மேடம் என்று அவன் அடக்கமாகச் சொன்னான்.

பிறகு அவர் கொட்டகையைக் காட்டினார். உள்ளே ஒரு ஜீப் நின்றது. டயருக்குள் பறவை கூடு கட்டியிருந்தது. அதற்கும் பம்புதான் போய்விட்டதாம். புதிய பம்புக்கு மேலிடத்துக்கு எழுதியாகிவிட்டது, வருவதற்கு ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகலாம். அதுவரை சொந்த வண்டி வைத்திருக்கிற டிரைவரைத்தான் எடுக்க முடியும். பெட்ரோலும் ரிப்பேரும் நிலையத்தின் பொறுப்பு.

"இந்த வண்டி யாருது?" என்றார்.

மச்சினன் வாயைத் திறந்தான். அவன் எதையும் மெதுவாகச் செய்கிறவனாதலால் உண்மை வெளியே வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் தையல்காரர் காரைப் பார்த்தார். பின்னறையைப் பற்றி யோசித்தார், வெட்டும் மேசையைப் பற்றியும். மனைவியைப் பார்த்தார். அவள் இவர்கள் யாரையும் பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழே போகும் மேகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை அவர் கடையிலிருந்தபடி பார்த்ததே இல்லை.

"அவருதுதாங்க," என்றார் தையல்காரர், மச்சினனைக் காட்டி. "ஆனா ஒண்ணு. பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழ இறங்கக் கூடாது. பாட்டில்ல வாங்கி ஊத்தக் கூடாது. பம்பை இந்த வாரமே மாத்திரணும்."

அதிகாரி அதையெல்லாம் வேலை உத்தரவுத் தாளிலேயே குறித்துக்கொண்டார். கார்க்காரர்கூட இவ்வளவு அக்கறையாகச் சொல்லவில்லையே என்றார். மச்சினன் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். விட்டால் சாயங்காலம் வரை நின்றிருப்பான். தையல்காரர் கையை உருவிக்கொண்டு, காருக்குள் தலையை விட்டு, கண்ணாடியிலிருந்த சிவப்பு நூலை நகத்தால் சுரண்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கணவனும் மனைவியும் மத்தியான பஸ்ஸில் மலையிறங்கினார்கள். மாதம் ஒரு ஞாயிறு கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேருமாக மேகம் பார்க்க வருவது என்று முடிவாயிற்று. பம்பின் சத்தம் எப்படியிருக்கிறது என்று தாமும் காது வைத்துப் பார்க்கலாம் என்று அவர் சேர்த்துக்கொண்டார். பஸ் முதல் வளைவில் திரும்பியபோது அவருடைய வலது கால் மறுபடி ஓட ஆரம்பித்தது. இரண்டாவது வளைவில் டிரைவர் தலையைத் திருப்பி, பின்னால் யாரோ சேர்ந்து பிரேக் போடுகிறார்கள், வண்டி இரண்டு பேருக்குக் கட்டுப்படாது என்றார். மனைவி தன் பையைத் தூக்கி அவர் காலின்மேல் வைத்தாள். அடிவாரம் வருகிற வரைக்கும் அந்தப் பை ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.