இரண்டு பாடத்துக்குப் பூக்கட்டிப் பார்த்தது

படிவம் நான்கு வகுப்பில் ரோகினி பன்னிரண்டு பாடம் எடுத்திருந்தாள். சரியாகச் சொன்னால் அவள் எடுத்தது எட்டு. மிச்ச நாலையும் அவள் குடியிருந்த செம்பனைத் தோட்டம் எடுத்துக் கொடுத்தது.

கூடுதல் கணிதம், பிள்ளைகள் வாயில் ஆட் மேத்ஸ், வீரமுத்து மாமாவுடையது. வாரம் இரண்டு நாள் பாரோயில் டியூஷன். தம் மோட்டார் சைக்கிளில் அவர்தான் கூட்டிப்போவார். அந்த மோட்டார் மேட்டில் ஏறும்போது, பின்னால் இருப்பவர் இறங்கி, நடந்தே முந்திப்போய், உச்சியில் நின்று இரண்டு கணக்குப் போட்டு முடித்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். ரோகினி போட்டிருக்கிறாள். இரண்டும் சரி.

உயிரியல் அடுத்த வீட்டு ராக்கம்மா அத்தையுடையது. பள்ளியில் ஒரு தவளை கொண்டுவரச் சொன்னார்கள் என்று ரோகினி ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து செம்பனைக் காட்டு வேலை முடிந்து வரும்போதெல்லாம் அத்தை கையில் ஒரு பிளாஸ்டிக் பை துள்ளும். மூன்றே மாதத்தில் தோட்டத்துத் தவளைகள் கூட்டம் போட்டுப் பேசி, பிள்ளைகுட்டிகளோடு பக்கத்துத் தோட்டத்துக்குக் குடிபோய்விட்டன. இப்போது மழை பெய்தாலும் இங்கே சத்தம் கிடையாது.

கணினி அறிவியல் ஆறுமுகம் சித்தப்பாவுடையது. தோட்டத்தில் இன்டர்நெட் ஒழுங்காகக் கிடைப்பது அவர் வீட்டில்தான். அதுவும் அவர் டிவியை அடைத்தால்தான். ஏழரை மணிச் சீரியலை ஆறு மாதமாக அவளுக்காக விட்டிருந்தார். கடைசியாக அவர் பார்த்தபோது கதாநாயகி மாடிப்படியில் ஒரு காலைத் தூக்கியிருந்தாள். இறங்கினாளா உருண்டாளா என்று அவருக்கு இன்னும் தெரியாது.

தமிழ் இலக்கியம் அப்பா சத்தியசீலனுடையது. செண்டாயான் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்து, சனிக்கிழமை காலை அப்படியே அவளைத் தம் வேனில் ஏற்றி ராசா டவுனில் நடக்கும் இலக்கிய வகுப்புக்குக் கொண்டுபோவார். வகுப்பு முடியும் வரை இரண்டு மணி நேரம் வெளியே காத்திருப்பார்.

இத்தனை பேர் தாங்கிப் பிடித்தும் அரையாண்டுத் தேர்வில் ரோகினி சரிந்தாள். வகுப்பாசிரியை நிவேதிதா டீச்சர் அவளைக் கூப்பிட்டு, பாடம் விடுவதற்கான ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டினார்.

"பன்னெண்டையும் கட்டிப் புடிச்சா பன்னெண்டும் சி. பத்தாக் கொறைச்சா ஏ வரும். திங்கக்கெழமைக்குள்ள ரெண்ட வெட்டி, வீட்ல கையெழுத்து வாங்கிட்டு வா."

இரண்டு பாடத்தை வெட்டுவது சுலபம். எந்த இரண்டு பேரை வெட்டுவது? அதுதான் ரோகினிக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அவள் மனம் என்னவோ இலக்கியம் போய்விடக் கூடாது என்றே அடித்துக்கொண்டது. வாய்விட்டுச் சொன்னால் அப்பா பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று மற்ற மூவரும் நினைப்பார்கள். அவர்களுடைய முதுகிலும் பையிலும் டிவியிலும் ஏறி வந்தவள், அப்படி நினைக்க விடலாமா?

அம்மா நீலாவதிதான் வழி சொன்னாள். "நீ வாயே தொறக்காத. கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவோம். மாரியம்மாவே சொல்லிட்டா யாரு கோவிச்சுக்க முடியும்?"

ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்ததும் எல்லாரும் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கூடினார்கள். கோயில் தலைவர் திருநாவுக்கரசு நாலு நிறத்தில் பூ எடுத்தார். சிவப்பு கூடுதல் கணிதம், மஞ்சள் உயிரியல், ஊதா கணினி, வெள்ளை இலக்கியம். ஒவ்வொன்றையும் வெற்றிலையில் மடித்து நார் கட்டி, தட்டில் வைத்து, தட்டை அம்மன் காலடியில் வைத்தார். ரோகினி எடுக்கிற இரண்டு பொட்டலத்தில் என்ன பூவோ, அந்தப் பாடம் போகும்.

"எடுக்கறதுக்கு முன்னால அம்மாகிட்ட ஒரு வார்த்த பேசிட்டு வந்துடறேன்லா," என்று வீரமுத்து உள்ளே போனார். அவர் வந்ததும் ராக்கம்மா போனாள். பிறகு ஆறுமுகம். கடைசியாக அப்பா. ஆளாளுக்கு அவ்வளவு உருக்கம். தங்கள் பாடம் போய்விடக் கூடாதென்று எப்படி வேண்டிக்கொள்கிறார்கள் என்று ரோகினிக்குக் கண் கலங்கியது.

"பூசைக்கு வாங்குன வெத்தல பாதியக் காணோமே," என்று நீலாவதி முணுமுணுத்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரோகினி கண்ணை மூடி இரண்டை எடுத்தாள். தலைவர் பிரித்தார். ஒன்று சிவப்பு. இன்னொன்றும் சிவப்பு.

தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தட்டில் இருந்த எல்லாவற்றையும் பிரித்தார். "எடுத்ததோட சேத்து செவப்பு மூனு, மஞ்ச மூனு, ஊதா நாலு. வெள்ளையக் காணோம். முப்பது வருசமா இங்க பூக்கட்டுறேன்யா. பூ குட்டி போட்டு இன்னிக்குத்தான் பாக்குறேன்."

எல்லாரும் கோயில் மணியைப் பார்த்தார்கள். பிறகு வீரமுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"முதுகு போச்சு பாப்பா. ஒன்னு பத்தாதுன்னு ரெண்டு சேத்து வச்சேன்."

"எனக்குச் சின்னதுலேர்ந்தே தவளன்னா பயம்," என்றாள் ராக்கம்மா. "கண்ண மூடிக்கிட்டுத்தான் புடிப்பேன்."

"ஏன் அத்த சொல்லல?"

"நீதான கேட்ட? ஒங்கிட்ட எப்படி இல்லன்னு சொல்றது?"

ஆறுமுகம் தரையைப் பார்த்துச் சொன்னார். "அந்தப் பொண்ணு விழுந்துட்டாளான்னு மட்டும் தெரிஞ்சா போதும்மா. வேற ஒன்னும் இல்ல."

ஆறு மாதமாக இவர்கள் முகம் சுளித்து ரோகினி பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிடித்த தவளைகள் எத்தனை என்று எண்ணப் பார்த்தாள். எண்ண முடியாமல் தாவணி முனையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் சரி. வெள்ள எங்கய்யா?" என்றார் தலைவர்.

அப்பாவின் சட்டைப்பை ஈரமாக இருந்தது. அதை முதலில் பார்த்தவள் நீலாவதி. "என்னாங்க அது?"

சத்தியசீலன் பொட்டலத்தை வெளியே எடுத்தார். "இது புள்ள கையில வந்துடக் கூடாதுன்னுதான்... வேன்ல தூங்கலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். சன்னல் வழியா பாடம் கேட்டுச்சு. போய்த் தாழ்வாரத்துல ஒக்காந்தேன். இப்ப பாதியில நிக்குது. மிச்சம் தெரியாம எப்படி விடறது?"

"ரெண்டு மணி நேரம் நல்லாத் தூங்குனேன்னு எங்கிட்ட சொன்னீங்களே!"

"ஆமா. சொன்னேன்."

ரோகினி அப்பாவையே பார்த்தாள். தூக்கத்தைக் கொடுத்தார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவளோடு கூடவே படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அம்மா தட்டுல கை வச்ச நாலு பேரும் நூத்தியெட்டுச் சுத்து சுத்துங்க," என்றார் தலைவர். "பூ இனிமே ஆவாது. பாப்பா, நீயே சொல்லு."

இப்போது சொல்வதற்குப் பயமில்லை. "பயோவும் கம்ப்யூட்டரும் விட்டுடறேன் தலைவரே. எலக்கியம் வேணும். ஆட் மேத்ஸும் வேணும், இன்ஜினியரிங் போகணும்."

ராக்கம்மாவும் ஆறுமுகமும் அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வீரமுத்து மட்டும் பாதி மேட்டில் மோட்டார் நின்றவர் மாதிரி இருந்தார்.

"அப்ப என் முதுகு?"

"வியாழக்கெழம அப்பா வேன்ல போயிக்கிறேன் மாமா. செவ்வாக்கெழம மட்டும் நீங்க. மேடு வந்தா எறங்கி நடந்துக்கிறேன்."

"அது இப்பவே நடக்குறதுதான," என்றார் வீரமுத்து. சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "சரி, போ. செவ்வா என்னோடது."

ரோகினி வரிசையாக எல்லார் காலிலும் விழுந்து எழுந்தாள். நன்றி என்ற வார்த்தையைச் சொல்லிப் பார்த்தாள். அது இவர்களுக்குப் பத்தாது என்று பட்டது. சர்க்கரைப் பொங்கல் வாளியை வாங்கி, தானே எல்லாருக்கும் பரிமாறினாள்.

பாரத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். "என் பாடம் போயிருக்கு, நான் போடாம எப்படி?" என்று ராக்கம்மா பேனாவை வாங்கினாள். அதன்பின் யாரையும் நிறுத்த முடியவில்லை.

திங்கட்கிழமை நிவேதிதா டீச்சர் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலையில் பொங்கல் நெய். கீழே, ஒரே கோட்டில், ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு கையெழுத்து.

"இதுல பெற்றோர் யாரும்மா?"

"நெருக்கிப் போட்டுட்டாங்க டீச்சர்," என்றாள் ரோகினி. "எடம் பத்தல."

முத்திரைக்கு முன்பக்கத்தில் டீச்சரும் இடம் தேடினார். பள்ளி முத்திரையைப் பாரத்தின் பின்பக்கம் குத்தினார்.