ஒன்பது படங்களில் ஒரு கார்

அன்று பிற்பகல் மேசையைச் சுற்றி மூன்று பேர். ஜன்னலோரம், தையல் மெஷின் முன்னால் மனைவி. எண்ணெய்க் கால்சட்டை என்பதால் சோபா மறுக்கப்பட்டு, முக்காலியில் அவள் தம்பி மெக்கானிக். எதிரே, அவள் கணவர், ஓய்வுபெற்ற கோர்ட்டுச் சுருக்கெழுத்தர், நோட்டும் பென்சிலுமாக. நடுவில், விற்பனை விளம்பரத்திலிருந்து அச்செடுத்த ஒன்பது படங்கள். ஐம்பது வருஷப் பழைய கார். ‘முக்கால்வாசி வேலை முடிந்தது. தொடர்புக்குக் கடிதம் மட்டும்’ என்றது விளம்பரம். முடியாத கால்வாசி எது என்று சொல்லவில்லை.

நிபந்தனை மனைவியுடையது. வேண்டும், வேண்டாம், எதுவானாலும் இன்றே எழுதிவிட வேண்டும். வேண்டாமென்றால், அவர் காருக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் ஷெட் அவளுடைய தையற்கூடம். இனி கார்ப் பேச்சே கிடையாது.

“வேண்டாம் மாமா,” என்றான் மெக்கானிக். “இன்ஜின் பளபளங்குது. பிரிச்சு வேலை பாத்தானா, துணியால துடைச்சானா, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அடிப்பக்கம் ஒரு படம்கூட இல்ல. துருப்பிடிச்சு உதிர்ந்திருக்கும். ஏறி உக்காந்தா கால் ரோட்டுலதான் இருக்கும்.”

“பெட்ரோல் மிச்சம்,” என்றாள் அக்கா.

சுருக்கெழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார்.

அவள் ஏழாவது படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். “ஆனா இந்த சீட்டைத் தச்சவன் அவசரப்படல. வளைவுல ஒரு தையல்கூட இழுக்கல பாருங்க. கண்ணுல படாத ஓரத்துலயும் ரெட்டைத் தையல். இவன் அடிப்பக்கத்தை அப்படியே விட்டிருப்பானா?”

“தச்சவன் வேற, விக்கிறவன் வேற அக்கா.”

“நீ சும்மா இருடா.”

சுருக்கெழுத்தர் பென்சிலை நிறுத்தினார். ஷெட்டுக்குக் காத்திருப்பவள் காரைப் புகழ்கிறாள். கார் வந்தால் ஆறு மாத வேலை கிடைக்கிறவன் வேண்டாம் என்கிறான். யார் எந்தக் கட்சி?

நோட்டைப் புரட்டினார். நான்கு பக்கம். மற்றவர்கள் சொன்னது ஓர் எழுத்து பிசகாமல் இருந்தது; அவர் சொன்னதாக ஒரு வரி இல்லை. நாற்பது வருஷமாகத் தீர்ப்பு வேறொருவர் வேலை.

புதுத்தாள் எடுத்து எழுதினார். வாசித்தும் காட்டினார். ‘ஐயா, படங்களைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. சனிக்கிழமை நேரில் வருகிறேன். அதுவரை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.’

“இது வேணுமா, வேண்டாமா?” என்றாள்.

“தெரியலம்மா. அதைத்தான் எழுதியிருக்கேன்.”

மெக்கானிக் சிரிப்பை அடக்க மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

“சனிக்கிழமை நானும் வரேன். சீட்டைத் தொட்டுப் பாக்கணும்.” இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “இப்ப ஷெட்டை அளந்து வெச்சுக்கறேன். எதுக்கும் இருக்கட்டும்.”

அவர் உறையை ஒட்டி, விரலால் இரண்டு தரம் நீவினார். தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே விழுந்ததா என்று தட்டிப் பார்த்தார்.